சும்மா படுத்திருப்பது சுலபமா?

சமையலறையில் கடுகு டப்பா எந்த வரிசையில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவோம். குழந்தை அழுதால் அது பசி அழுகையா, தூக்க அழுகையா என்பதும் நமக்கு அத்துப்படி. ஆனால், 'இந்த நிமிஷம் உங்கள் தோள் எப்படி இருக்கிறது?' என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? என்னைக் கேட்டார்கள். நான் திருதிருவென்று முழித்தேன்.

என் மாமியார் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் படுக்கையில் இருந்தார். ராத்திரியில் அவர் லேசாக இருமினாலும் எழுந்து ஓடுவேன். அவர் காலமாகி ஆறு மாதம் ஆன பிறகும், 2 மணிக்கு 'டக்'கென்று விழிப்பு வந்துவிடும். அப்புறம் விடிய விடிய ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். பகலெல்லாம் கழுத்து வலி, தலை பாரம். ரத்தப் பரிசோதனை, தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டு டாக்டர், "கோளாறு ஒண்ணும் இல்லைம்மா. உடம்பைத் தளர்த்தக் கத்துக்கோங்க" என்றார். எதிர் வீட்டு அக்கா தான் போகிற யோகா வகுப்புக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

தலைகீழாக நிற்கச் சொல்வார்களோ என்று எனக்கு உள்ளூர உதறல். டீச்சரோ, "ஜமக்காளத்தை விரிச்சு மல்லாந்து படுங்க. இன்னிக்கு அவ்வளவுதான்" என்றார். இதற்குப் பெயர் சவாசனமாம். சாவு நடந்த வீட்டிலிருந்து போன எனக்கு, அந்தப் பெயரே ஒரு மாதிரியாக இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே, "15-ஆம் நூற்றாண்டு ஹட யோகப் பிரதீபிகையிலேயே இது இருக்கு. களைப்பைப் போக்கி மனசுக்கு ஓய்வு தரும்னு எழுதியிருக்காங்க" என்று விளக்கினார்.

கால்கள் சற்று விலகியிருக்க வேண்டும். கைகள் உடம்பை ஒட்டாமல், உள்ளங்கை மேலே பார்க்க வேண்டும். கண்களை மூடிக்கொண்டதும் டீச்சரின் குரல் மெதுவாக வந்தது. "வலது கை கட்டை விரல்... ஆள்காட்டி விரல்... நடு விரல்... அசைக்க வேண்டாம். மனசால தொட்டுட்டுப் போங்க."

மோதிர விரலுக்கு வருவதற்குள் என் மனசு வீட்டுக்குப் போய், ஊறப்போட்ட உளுந்தைப் பார்த்துவிட்டு வந்தது. இடது காலில் நாலாவது விரல் இருப்பதே தெரியவில்லை! "தாடை" என்றதும்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. "தோள்" என்றால், அது காதுக்குப் பக்கத்தில் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

அந்த நேரம் பார்த்துத் தெருவில் யாரோ இருமினார்கள். அவ்வளவுதான், என் கால் இரண்டும் எழுந்து ஓடத் தயாராகிவிட்டன. மாமியார் போய்விட்டார் என்பது மனசுக்குத் தெரியும். உடம்புக்கு மட்டும் அதை யாருமே சொல்லவில்லை போலிருக்கிறது. அது பாட்டுக்கு இன்னும் 'டியூட்டி' பார்த்துக்கொண்டிருந்தது! கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது. டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை. "அழுகை வந்தா வரட்டும்" என்று மட்டும் சொன்னார்.

விரலில் ஆரம்பிப்பது ஏன் என்று பிறகு கேட்டேன். இந்த முறைக்கு யோக நித்திரை என்று பெயர். பீகாரில் முங்கேர் என்ற ஊரில் யோகப் பள்ளி நடத்திய சுவாமி சத்யானந்த சரஸ்வதி இதை ஒழுங்குபடுத்திப் பரப்பியவர். நம் மூளையில் விரல்களுக்கும் உதடுகளுக்கும் நிறைய இடம் உண்டு. முதுகுக்கும் காலுக்கும் குறைச்சல்தான். பென்ஃபீல்டு என்ற மூளை அறுவை நிபுணர் 1937-லேயே இதைக் கண்டு எழுதியிருக்கிறாராம். என் கால் விரல் 'காணாமல்' போனதில் ஆச்சரியம் இல்லை! அமெரிக்க டாக்டர் ஜேக்கப்சனும் தசைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தும் முறையைப் பற்றி 1929-ல் ஒரு புத்தகமே எழுதினார். தசை இறுகினால் மனசும் இறுகும், தசை தளர்ந்தால் மனசும் தளரும் என்பது அவர் கட்சி.

ஒரே நாளில் அதிசயம் நடந்துவிடவில்லை. முதல் வாரம் வகுப்பிலேயே குறட்டை விட்டேன். மூன்றாவது வாரத்திலிருந்து, 2 மணிக்கு விழிப்பு வந்தால் வலது கட்டை விரலில் ஆரம்பித்துவிடுவேன். பல ராத்திரிகளில் இடது கால்வரை போய்ச் சேர்வதே இல்லை. தூக்கம் வராத ராத்திரிகளும் உண்டு. ஆனால் தூக்கத்தோடு மல்லுக்கட்டுவது நின்றுவிட்டது.

நீங்களும் செய்து பார்க்கலாமே! சாப்பிட்டு இரண்டு மணி நேரம் போகட்டும். அசையாமல் படுத்தால் உடம்பு குளிரும். மெல்லிய போர்வை போர்த்திக்கொள்ளுங்கள். இடுப்பு வலிக்காரர்கள் முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கலாம். மாதம் ஏறிய கர்ப்பிணிகள் மல்லாந்து படுக்காமல் இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பதே நல்லது. கைக்குழந்தைக்காரர்கள் பால் கொடுத்து, குழந்தையைத் தொட்டிலில் விட்ட பிறகு படுங்கள். சொல்ல ஆள் இல்லையா? உங்கள் குரலையே செல்போனில் பதிந்து கேளுங்கள். கண்ணை மூடினால் படபடப்பு அதிகமானால் திறந்தே வைத்திருக்கலாம். முடிந்ததும் சட்டென்று எழாமல், பக்கவாட்டில் திரும்பி, கையூன்றி எழுந்திருங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். இது மருந்துக்கு மாற்று அல்ல. வாரக்கணக்கில் தூக்கம் இல்லாவிட்டாலும், பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு நீடித்தாலும் டாக்டரிடம் போக வேண்டும்.

பட்டப்பகலில் 15 நிமிஷம் படுத்தால் போதும், "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று வீட்டில் கேட்பார்கள். "அதைத்தான் விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லுங்கள்!