தேன், எலுமிச்சை, அறுபது மில்லி

ராசிபுரம் என்றதும் பலருக்கு நெய் ஞாபகம் வரும். கொஞ்சம் வாசிப்பவர்களுக்கு ஆர்.கே. நாராயண் பெயருக்கு முன்னால் நிற்கும் 'ஆர்' ஞாபகம் வரும். விஸ்கி யாருக்கும் ஞாபகம் வராது. ஆனால் இந்தக் கட்டுரை ராசிபுரத்தில் ஒரு வீட்டுச் சமையலறையில் ஒருவன் விஸ்கி கலந்ததைப் பற்றியது.

அவனுக்கு இருபத்தெட்டு வயது. பெங்களூரில் வேலை. அங்கே அறை நண்பன் ஒருவனிடம் கற்றுக்கொண்டது 'விஸ்கி சவர்'. விஸ்கி, எலுமிச்சைச் சாறு, சர்க்கரை, அவ்வளவுதான். பழைய சமாச்சாரம். அமெரிக்காவில் ஜெர்ரி தாமஸ் என்பவர் 1862ல் போட்ட கலவைப் புத்தகத்திலேயே 'சவர்' வகைப் பானங்கள் இருக்கின்றன. 2000ஆம் ஆண்டு வாக்கில் நியூயார்க்கில் 'மில்க் அண்ட் ஹனி' என்ற மதுக்கூடத்தில் சர்க்கரைக்குப் பதில் தேன் சேர்த்தார்கள். அதற்கு 'கோல்ட் ரஷ்' என்று பெயர்.

தேன் என்றதும் அவனுக்கு வீடுதான் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு ஆடிப்பதினெட்டுக்கும் கொல்லிமலை போய்வரும் சொந்தக்காரர்கள் அம்மாவுக்கு ஒரு பாட்டில் மலைத்தேன் கொண்டுவந்து கொடுப்பார்கள். சளி பிடித்தால் துளசிச் சாற்றில் குழைத்துக் கொடுப்பதற்கு. அந்தத் தேனில் செய்தால் எப்படி இருக்கும் என்ற ஆசை. ஒரு விடுமுறையில் ஊருக்கு வந்தவன், அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து ஆரம்பித்தான்.

செய்முறை கஷ்டமில்லை. ஆனால் ஒரு விஷயம் தெரியாவிட்டால் எல்லாம் வீண். தேனை அப்படியே ஐஸ் போட்ட விஸ்கியில் ஊற்றினால் கரையாது. கெட்டிப்பட்டு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் இரண்டு பங்கு தேனை ஒரு பங்கு வெந்நீரில் முதலில் கரைத்து ஆறவிட வேண்டும். பிறகு விஸ்கி 60 மில்லி, எலுமிச்சைச் சாறு 20 மில்லி, தேன் கரைசல் 20 மில்லி. அமெரிக்கர்கள் பிழிவது தடித்த தோல் உள்ள மஞ்சள் பழம். நம்மூர் எலுமிச்சைக்குப் புளிப்பு இன்னும் கூர்மை, அதனால் சாறு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. மூடி இறுக்கமான பாத்திரத்தில் ஐஸ் போட்டுப் பத்துப் பன்னிரண்டு விநாடி நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்குவது குளிர்ச்சிக்கு மட்டுமில்லை. ஐஸ் கொஞ்சம் உருகித் தண்ணீர் சேர்ந்தால்தான் காட்டம் அடங்கும். இந்தியாவில் விற்கும் மலிவு விஸ்கிகளில் பெரும்பாலானவை கரும்புச் சக்கைப்பாகில் காய்ச்சிய சாராயம் கலந்தவை. அவற்றின் காட்டத்தைத் தேன் ஓரளவு மூடிவிடும்.

குலுக்க ஸ்டீல் தண்ணீர் பாட்டில் கிடைத்தது. வடிகட்ட டீ வடிகட்டி. அளக்கத்தான் எதுவும் இல்லை. தேடியபோது சாமி அலமாரியின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி கிடைத்தது. டானிக் பாட்டிலோடு வருவது. 5, 10 என்று கோடு போட்டிருந்தது. பத்துக் கோட்டுக்கு ஆறு மூடி விஸ்கி, இரண்டு மூடி சாறு, இரண்டு மூடி தேன் கரைசல். கணக்கு அழகாகப் பொருந்தியது.

தம்ளரில் வடித்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்துவிட்டாள். பாட்டிலைப் பார்த்தாள். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மூடியைத்தான் கேட்டாள்.

"இத எங்கிருந்துடா எடுத்தே?"

"சாமி அலமாரில இருந்துச்சும்மா. அளக்கறதுக்கு."

"அது உங்கப்பாவோடது."

அவனுடைய அப்பா ஆறு வருடங்களுக்கு முன் ஈரல் கெட்டு இறந்தவர். சேகோ ஆலையில் வேலை முடிந்ததும் கடைக்குப் போவார். கடையில் கிடைக்கும் சின்ன பாட்டில் 180 மில்லி, ஊரில் 'குவாட்டர்' என்பார்கள். நின்றபடியே தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு வருவார். வீட்டுக்குள் ஒருநாளும் பாட்டில் வந்ததில்லை. வாடை மட்டும்தான் வரும்.

"நான் அப்படியில்லம்மா. அளவாத்தான். பாரு, அறுபது மில்லி, அளந்து ஊத்தியிருக்கேன்."

"உங்கப்பாவும் அதே மூடில அளந்துதான் குடிச்சாரு. பத்துப் பத்தா. மருந்த."

அவனிடம் பதில் இல்லை.

இந்த ஊர்ப்பக்கம் இந்தச் சண்டை புதிதல்ல. இந்தியாவிலேயே மதுவிலக்கு முதலில் சோதித்துப் பார்க்கப்பட்ட இடங்களில் ஒன்று இந்த மண். 1937 அக்டோபர் 1 அன்று, சென்னை மாகாணப் பிரதமராக இருந்த ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். நாமக்கல் தனி மாவட்டமானது 1997ல்தான். ஆகவே ராசிபுரமும் அன்று சேலத்தில் சேர்ந்ததே. கள்ளுக்கடைகள் மூடியதால் அரசுக்குப் போன வருமானத்தை ஈடுகட்ட 1939ல் விற்பனை வரி வந்தது. கடையில் நாம் கட்டும் வரிக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது. 1971ல் தமிழகத்தில் மதுவிலக்கு தளர்த்தப்பட இருந்தபோது, 92 வயது ராஜாஜி முதல்வர் கருணாநிதியைச் சந்தித்து வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பலிக்கவில்லை. கடைகள் திறந்தன, மூடின, மறுபடி திறந்தன. 2003ல் சில்லறை விற்பனையும் அரசின் டாஸ்மாக் கையில் வந்தது.

இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே மலைநாட்டார் தேனை மூங்கில் குழாயில் ஊற்றி முற்றவைத்துக் குடித்ததைச் சங்கப் பாட்டுகள் சொல்கின்றன. மலைபடுகடாத்தில் அந்தத் தேறல் விருந்துக்கு வருகிறது. அவன் பள்ளியில் படித்த விஷயம்தான். அம்மாவிடம் அதையும் சொல்லிப் பார்த்தான்.

"அவுங்க பொண்டாட்டிங்க என்ன சொன்னாங்கன்னு பாட்டுல எழுதியிருக்குதா?" என்றாள்.

தம்ளரைக் கழுவுதொட்டியில் கவிழ்க்கப் போனான். அம்மா தடுத்தாள்.

"கொட்டாத. தேனும் போயிரும். இங்கயே என் முன்னால உக்காந்து குடி. உங்கப்பா ஒரு நாளும் என் முன்னால குடிச்சதில்ல."

அவன் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்தான். அம்மா எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். அந்த ஒரு தம்ளரைக் குடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில்தான் அப்பாவைப் பற்றி இருவரும் முதன்முறையாகப் பேசினார்கள். எப்போது ஆரம்பித்தார், யார் கூட்டிப்போனது, நிறுத்துகிறேன் என்று எத்தனை முறை சத்தியம் செய்தார், கடைசி மாதம் அந்த மூடியைப் பிடிக்கக்கூடக் கை நடுங்கியது... ஆறு வருடமாகக் கேட்காமல் இருந்ததை எல்லாம் அவன் கேட்டான். அம்மா சொன்னாள்.

வீட்டில் வைத்துக் குடிப்பது நல்லது, கடையில் குடிப்பது கெட்டது என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். 'அளவு' என்ற சொல்லை நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லை நம்பி ஏமாந்தவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தால்தான் அது எவ்வளவு கனம் என்று தெரிகிறது.

பாட்டிலில் மீதி 120 மில்லி இருந்தது. அம்மா கையை நீட்டினாள், அவன் கொடுத்தான். அது மட்டும் கழுவுதொட்டியில் போனது. மூடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, பழைய இடத்திலேயே வைத்தாள்.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது விஸ்கி இல்லாமல் செய்தான். பால் சேர்க்காத டீயைக் கடுப்பாகப் போட்டு ஆறவைத்து, அதில் அதே தேன் கரைசல், அதே எலுமிச்சை, அதே ஐஸ். டீயின் துவர்ப்பு விஸ்கியின் இடத்தை ஓரளவு நிரப்பியது. இரண்டு தம்ளர் கலந்தான். அம்மா ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "புளிப்புத் தூக்கலா இருக்குது. இன்னுங் கொஞ்சம் தேன் ஊத்து" என்றாள்.