நீதிபதி கேட்ட கேள்வி

என்னிடம் ஜூனியராக வரும் பிள்ளைகளுக்கு முதலில் நான் படிக்கக் கொடுப்பது லாரன்ஸ் லெசிக் தோற்ற வழக்கைத்தான். அவர் அமெரிக்கச் சட்டப் பேராசிரியர். பதிப்புரிமைச் சட்டத்தில் கரை கண்டவர்.

1998-ல் அமெரிக்க நாடாளுமன்றம் பதிப்புரிமையை 20 ஆண்டுகள் நீட்டியது. எழுத்தாளர் இறந்து 50 ஆண்டுகள் என்றிருந்தது 70 ஆயிற்று. ஏற்கெனவே வெளிவந்த நூல்களுக்கும் நீட்டிப்பு உண்டு. (செத்தவரை ஊக்குவித்து இன்னொரு நூல் எழுத வைக்க முடியுமா என்ன?) பழைய நூல்களை இணையத்தில் இலவசமாகக் கொடுத்துவந்த எரிக் எல்ட்ரெட் வழக்குப் போட்டார். லெசிக் அவருக்காக நின்றார். ‘வரையறுத்த காலத்துக்கு’ என்கிறது அரசியல் சாசனம். நீட்டிக்கொண்டே போனால் வரையறை எங்கே என்பது அவர் வாதம்.

இந்தச் சட்டம் செய்யும் கேட்டை நீதிபதிகளின் மனதில் தைக்கும்படி சொல்லுங்கள் என்று அனுபவப்பட்ட வழக்கறிஞர் ஒருவர் முன்பே எச்சரித்திருந்தார். சாசனத்தின் தர்க்கமே போதும் என்று லெசிக் இருந்துவிட்டார். 2002 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் வாதம். காலத்தை நீட்டியதால் அறிவு வளர்ச்சி தடைப்பட்டதற்குச் சான்று தெரியவில்லையே என்றார் நீதிபதி கென்னடி. கோர்ட்டில் பழம் தின்று கொட்டை போட்ட வக்கீல் அந்த இடத்தை விட்டிருக்க மாட்டார். மறுபதிப்பு காணாமல், உரிமையாளர் யாரென்றும் தெரியாமல் முடங்கிய நூல்கள், பெட்டியிலேயே மக்கும் படச்சுருள்கள் என்று அடுக்கியிருப்பார். லெசிக்கோ, எங்கள் வாதம் அந்தச் சான்றை நம்பி நிற்கவில்லை என்றார். தேர்வுத்தாளில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும். பெஞ்சிலிருந்து வரும் கேள்வியெல்லாம் நம்மை மடக்க வருவதில்லை தம்பி. நம் பக்கம் சாய ஒரு காரணம் கொடு என்று கேட்பதும் உண்டு.

2003 ஜனவரியில் 7-க்கு 2 என்று தோற்றார். அடுத்த ஆண்டு எழுதிய கட்டுரையில் அந்தப் பதிலையே எடுத்துவைத்து, தோல்விக்குத் தானே பொறுப்பு என்றார். நம் பார் அசோசியேஷனில் இப்படி எழுதக்கூடிய சீனியர் யாரென்று யோசித்துப் பார்க்கிறேன், சட்டென்று ஒரு பெயரும் வரவில்லை.

தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்பே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களையும் நண்பர்களோடு சேர்ந்து வெளியிட்டிருந்தார். உரிமை உள்ளவரே, ‘என் பெயரைப் போட்டு எடுத்துக்கொள்’ என்று முன்கூட்டிச் சொல்லிவிடும் ஏற்பாடு அது. தமிழ் விக்கிப்பீடியா இன்று அந்த உரிமங்களில் ஒன்றில்தான் இயங்குகிறது. 2007-ல், பணம் அரசியலை ஆட்டும்வரை இப்படிப்பட்ட சட்டங்கள் வந்துகொண்டேதான் இருக்கும் என்று சொல்லி, பதிப்புரிமையை விட்டு ஊழலை ஆராயப் போனார். 46 வயதில், பேரும் புகழும் கிடைத்த துறையை விட்டு! அது அவசரம் என்பது என் கட்சி. ஜூனியர்கள் ஒத்துக்கொள்வதில்லை.