வேப்பம் பிண்ணாக்கும் யாமும்

செஞ்சிக்கோட்டையைக் காண வருவோர் இராஜகிரியின் உயரத்தையும் கல்யாண மகாலின் அடுக்குகளையும் வியந்து மீள்வர். கீழே உள்ள நெற்களஞ்சியத்தின் முன் சற்றே நிற்பவர் சிலர். முற்றுகைக் காலத்தில் மதிலுக்கு உள்ளிருந்தோரைக் காப்பது நெல்லன்றோ? அக்களஞ்சியத்தைக் காணுந்தோறும் எமக்கு ஒரு நாணம் உண்டாகும். அதன் காரணத்தை ஒளியாது உரைப்போம்.

2022-ஆம் ஆண்டுச் சம்பாப் பருவம். எமது ஒரு ஏக்கர் கழனியில் பயிர் கதிர் கருக்கொள்ளும் நிலையில் இருந்தது. ஒரு நாட்காலை தந்தையார் திண்ணையில் தார்ப்பாயை விரித்து, 25 கிலோ யூரியாவும் 20 கிலோ ஜிப்சமும் 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கும் நிறுத்து வைத்தார். “பிண்ணாக்கை இடித்து எல்லாவற்றையும் கலந்து இரவு முழுதும் மூடி வை, தம்பி, விடிந்ததும் இறைக்கலாம்” என்று கூறித் திண்டிவனம் சென்றார். ஐந்து பங்கு, நான்கு பங்கு, ஒரு பங்கு என்னும் இக்கணக்கு வேளாண்மைத் துறையார் எம் பக்கத்து உழவர்க்குச் சொல்லிவரும் கணக்கேயாம்.

யாமோ அன்று நண்பருடன் இராஜகிரி ஏறுவதாக வாக்களித்திருந்தோம். பிண்ணாக்கை இடித்தால் நண்பகல் கழிந்துவிடும். அப்போது யூரியாச் சாக்கின்மேல் ‘வேம்பு பூசியது’ என்று அச்சிட்டிருந்தது எம் கண்ணிற்பட்டது. முன்னரே வேம்பு பூசியதற்கு மீண்டும் வேம்பு எற்றுக்கு? பதினாறு வயதில் இத்தகைய தருக்கம் எளிதில் கைகூடும்! யூரியாவையும் ஜிப்சத்தையும் மட்டும் கலந்து மூடினோம், பிண்ணாக்கை வைக்கோற்போரின் பின்னே செருகினோம், மலையேறினோம்.

மறுநாள் விடியலில் தந்தையார் ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். “கலந்தாயா?” என்றார். “ஆயிற்று, அப்பா” என்றோம். அவர் இறைக்கத் தொடங்கினார்.

மூன்றாம் நாள் பெய்த மழையில் வரப்பு மூழ்கி நீர் வழிந்தோடிற்று. இரு வாரத்தில் எம் பயிரின் அடித்தாள்கள் மஞ்சளித்தன; அடுத்த கழனி பசுமையாகவே நின்றது. அறுவடையில் முந்திய ஆண்டினும் ஆறு மூட்டை குறைந்தது. குறைவு முழுதும் பிண்ணாக்கினால் நேர்ந்தது என்று துணியோம், மழைக்கும் பங்குண்டு. ஆயினும் அவ்வாண்டுப் பள்ளிக் கட்டணத்திற்குத் தந்தையார் கடன் வாங்கினார்.

நிற்க. தமிழ் பயில்வார்க்கு உரத்தில் என்ன வேலை என்பீராயின், குற்றமுள்ள நெஞ்சு எந்நூலையும் புரட்டும் என்க. கல்லூரிக்கு வந்தபின் வேதியியல் நண்பரைக் கேட்டும் படித்தும் யாம் அறிந்தது இது: யூரியா மண்ணில் விழுந்த சில நாட்களில் அம்மோனியமாக மாறும். அம்மோனியம் களிமண்ணைப் பற்றிக்கொண்டு நிற்கும். நைட்ரோசோமோனாஸ் முதலிய நுண்ணுயிர்கள் அதனை நைட்ரேட்டாக மாற்றிவிட்டாலோ பற்று விட்டுப்போம்; நீரோடு ஒழுகும், அன்றேல் சேற்றினடியில் வாயுவாகிப் பறக்கும். வேம்பின் கைப்புப் பொருள் அந்நுண்ணுயிர்களின் வேகத்தை அடக்குகின்றது. தில்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தார் 1970-களிலேயே இதனை நெல்லில் ஆராய்ந்தனர். 2015 முதல் நம் நாட்டில் ஆக்கப்படும் யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூசுதல் கட்டாயமாயிற்று. அப்பூச்சின் அளவு யாது? ஒரு கிலோவுக்கு 350 மில்லிகிராம் அளவினதே. யாம் ஒளித்த பிண்ணாக்கோ கிலோவுக்கு 200 கிராம்! எம் தருக்கத்தின் பிழையை இவ்வெண்களே காட்டும்.

பிற நாட்டார் வேறு வழி கண்டனர். அமெரிக்கர் 1960-களில் யூரியா மணிக்குக் கந்தகத்தால் ஓடு அமைத்தனர். பின்னர்ப் பிளாஸ்டிக் ஓடு வந்தது. அஃது உரத்தை மாதக்கணக்கில் சிறிது சிறிதாக விடும். ஆனால் உரம் தீர்ந்தபின் வெற்று ஓடு மக்குவதில்லை. ஜப்பானிய நெல்வயல்களினின்று இவ்வோடுகள் ஆற்றின் வழியே கடலிற் சேர்ந்தமையால், அந்நாட்டு உரத்துறையார் 2030-க்குள் அவற்றைச் சாராது ஒழிவதென இலக்கு வகுத்தனர். ஐரோப்பிய ஒன்றியமும் 2019-இல் இயற்றிய சட்டத்தில், இத்தகைய ஓடுகள் மக்கும் தன்மையனவாதல் வேண்டும் என்றது. ஆதலின் மாச்சத்து, லிக்னின் முதலியவற்றால் ஓடு செய்ய அறிஞர் முயல்கின்றனர். அவை மக்குவன, எனினும் நீரில் விரைவில் நெகிழ்வதும் உண்டு. பயிர் உண்ணும்வரை நிற்றலும், உண்டபின் அழிதலும் ஆகிய இரண்டும் ஒருங்கே ஒரு பொருளிடம் வேண்டப்படுகின்றன, அதுவே இடர்ப்பாடு. வேம்பு ஓடன்று, மண்ணில் எதனையும் மிச்சம் வையாது.

அவ்வாண்டுப் பங்குனியில் வைக்கோற்போர் கரைந்தது. பூசணம் பூத்த பிண்ணாக்கைத் தந்தையார் கண்டார். ஒன்றுங் கேளாது அதனை உதிர்த்துக் கிணற்றடிக் கத்தரிச் செடிகளுக்கு இட்டார். யாமும் வாய்திறவாது மூன்றாண்டு கழித்தோம்.

இவ்வாண்டு விடுமுறைக்குச் சென்றபோது திண்ணையில் மீண்டும் தார்ப்பாய் விரிந்திருந்தது. யாம் உலக்கையை எடுத்துக்கொண்டு, “அப்பா, அந்த ஆண்டு நான் பிண்ணாக்கு...” என்று தொடங்கினோம்.

“தெரியும் தம்பி” என்றார் அவர். “கட்டியில்லாமல் இடி.”