மாவேலி வேஷம் கட்டிய கதை

போன ஓணத்துக்கு எங்கள் வங்கிக் கிளையில் ஒரு சிரிப்புப் பாட்டு நாடகம் போட்டோம். மாவேலி வேஷம் அடியேனுக்கு! கலூர் வந்து ஆறு வருஷமாகியும் என் மலையாளத்தில் அம்பாசமுத்திர வாசம் போகவில்லை. "சாரோட தொப்பையும் மலையாளமும் போதும், மேக்கப்பே வேண்டாம்" என்றார் கேஷியர் சேச்சி. :-)

தெரியாதவர்களுக்கு: வாமனனுக்கு மூன்றடி மண் கொடுத்துப் பாதாளம் போன மகாபலிதான் மாவேலி. வருஷம் ஒருமுறை தன் மக்களைப் பார்க்க வருவார், அதுதான் ஓணம். ஆனால் கொச்சிக்காரர்கள் அவரைச் சும்மா விடுவதில்லை. 1981-ல் கொச்சின் கலாபவனின் மிமிக்ஸ் பரேட் பிறந்த ஊராச்சே! 'தே மாவேலி கொம்பத்து' என்று ஓணத்துக்கு ஓணம் கேசட்டே போட்டுச் சிரித்தவர்கள்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏய்யா, சாமி காரியத்துல வெளாடலாமா?" என்றாள். எனக்கும் உதறல். விலகிவிடலாம் என்றிருந்தேன்.

அப்போதுதான் கிளார்க் பையன் பாட்டுக்கு ஒரு மெட்டு போட்டான். கேன்-கேன் மெட்டு. எல்லோரும் கேட்டிருப்பீர்கள், பெயர்தான் தெரியாது. ஆஃபன்பாக் என்பவர் 1858-ல் பாரிஸில் மேடையேற்றிய 'பாதாளத்தில் ஆர்ஃபியஸ்' நாடகத்தில் வருவதாம். கிரேக்கப் புராணத்தில் ஆர்ஃபியஸ் இறந்த மனைவியை மீட்கப் பாதாளம் போவான். இதிலோ அவனொரு வயலின் வாத்தியார். மனைவியைக் கண்டாலே ஆகாது. 'ஊர் என்ன சொல்லும்' என்று பயந்துதான் கிளம்புகிறான்! தேவர்களோ தினமும் அமிர்தம் குடித்துச் சலித்துக் கொடி பிடிக்கிறார்கள். புராணத்தை அவமதித்துவிட்டார் என்று ஜூல் ஜானின் என்ற விமர்சகர் பத்திரிகையில் திட்ட, கூட்டம் பிய்த்துக்கொண்டதாம். 228 காட்சிகள். கடனில் கிடந்த கம்பெனி நிமிர்ந்தது. பி.காம் படித்தவனுக்கு இது போதாதா? தவிர, அவர்கள் சிரித்தது சாமியைப் பார்த்தல்ல, அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களைப் பார்த்து. சரி, நானும் குடையைப் பிடித்தேன்.

நாடகத்தில் மாவேலி மெட்ரோ தூண்களுக்கிடையே வழி தெரியாமல் வங்கிக்குள் வருகிறார். "கே.ஒய்.சி. இருக்கா? இரண்டு வருஷம் வரவு செலவு இல்லேன்னாலே செயல்படாத கணக்கு. உங்களது எத்தனை யுகம்?" என்று கேட்கிறார்கள். ஒரே சிரிப்பு.

அடுத்த வசனம் என்னுடையது. "என் நாட்டுல என்னையே தெரியலையா?" சிரிப்புக்காக எழுதினதுதான். ஆனால் சொல்லும்போது தொண்டை அடைத்துக்கொண்டது. போன தடவை பாலருவி ரயிலில் ஊருக்குப் போனபோது, டீக்கடையில் புதுப் பையன் "சாருக்கு எந்த ஊரு?" என்று கேட்டான். நான் பிறந்த தெருவின் முனையில் நின்றுகொண்டு என்ன சொல்வது?

ராத்திரி அம்மாவைக் கூப்பிட்டேன். "சாமிய ஒண்ணும் சொல்லலம்மா. எங்களத்தான் சிரிச்சுக்கிட்டோம்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டாள்: "தீவாளிக்காவது வருவியாய்யா?"