காரணம் சொன்ன பாவம்

மஞ்சக்குப்பத்தில் எங்கள் சபையின் வேதபாட வகுப்பைப் பல வருடம் நடத்தியவன் நான். எரேமியாவின் புலம்பலைத் தவறாகப் போதித்தேன் என்று அறிக்கையிடுகிறேன்.

பாபிலோன் படை எருசலேமைப் பட்டினி போட்டு வீழ்த்தியபோது குழந்தைகள் பட்ட பாட்டை அந்த நூல் சொல்கிறது. தாய்மடியில் தானியம் கேட்டுக்கொண்டே சாகும் பிள்ளைகள், தாகத்தால் நாக்கு மேல்வாயோடு ஒட்டிய கைக்குழந்தைகள். ஒவ்வொரு தபசு காலத்திலும் அவற்றை விரைந்து கடந்து, "ஜனங்களின் பாவத்துக்கு வந்த தண்டனை" என்று முடித்துவிடுவேன்.

ஒருமுறை, இலங்கையின் வன்னிப் போரில் மகனைப் பறிகொடுத்து அகதி முகாமில் இருந்த ஒரு தாய் வந்திருந்தார். "என்ர பிள்ளை ஒரு பாவமும் செய்யேல்ல ஐயா" என்றார். முன்னோரின் பாவத்தைப் பிள்ளைகள் சுமப்பதாக ஐந்தாம் அதிகாரத்தில் இருப்பதைக் காட்டிவிட்டுப் பக்கத்தைப் புரட்டினேன். அந்தப் பையனின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அவர் பிறகு வரவேயில்லை.

இலங்கைப் போர் பற்றி ஐ.நா. நிபுணர் குழு 2011-இல் தந்த அறிக்கையை அதற்கப்புறம்தான் படித்தேன். 2009 ஏப்ரல் 8 அன்று அம்பலவன்பொக்கணையில் பால்மாவுக்காக வரிசையில் நின்ற தாய்மார் மீதும் குழந்தைகள் மீதும் எறிகணைகள் விழுந்தன. இறந்துகிடந்த தாய்மார் சிலர் கையில் பால்மா அட்டை அப்படியே இருந்தது. அன்று பரிசுத்த வாரத்துப் புதன்கிழமை. அந்த வாரம் முழுக்க சபையில் ஜெபம் ஏறெடுத்த நான், வன்னிப் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அரசியல் ஆகிவிடும் என்று பயந்தேன்.

புலம்பலைத் திரும்பப் படித்தபோது வெட்கமாயிருந்தது. நான்காம் அதிகாரம் தீர்க்கதரிசிகளையும் ஆசாரியர்களையும் நேரடியாகக் குற்றம் சாட்டுகிறது. அதாவது என்னைப்போல் போதிக்கிறவர்களை. குழந்தைகள் மேல் எந்த வசனமும் குற்றம் சுமத்தவில்லை. நான் காட்டிய அந்த வசனமோ, பட்டினி கிடந்தவர்கள் தங்கள் வாயால் கர்த்தரிடம் முறையிட்டது. வயிறார உண்ட நான் அதை எடுத்து ஒரு தாய்மேல் வீசிவிட்டேன்.

புலம்பலைப் போதிக்கிறவர்களே, பிள்ளையை இழந்தவர் முன்னால் காரணம் சொல்லாதீர்கள். பசியால் துவளும் குழந்தைகளின் உயிருக்காகக் கைகளை ஏறெடுக்கச் சொல்லும் இரண்டாம் அதிகாரம் 19-ஆம் வசனத்தை வாசியுங்கள். அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள்.