அப்பாவும் ஒரு டம்மி துப்பாக்கியும்

உடைச்சது நான்தான். அதை முதல்லயே ஒத்துக்கிட்டு ஆரம்பிக்கிறேன்.

எங்க ஆபீஸ்ல ஆண்டு விழாவுக்கு ஒரு குறும்படம் எடுக்கிறது வழக்கம். பொட்டி தட்டுற கூட்டத்துக்கு வேற என்ன பொழுதுபோக்கு இருக்கு, சொல்லுங்க. 2023-ல எடுத்த கதையில மொட்டை மாடியில குப்புறப் படுத்துக்கிட்டு ஒருத்தன் ஸ்னைப்பர் துப்பாக்கியால குறி பார்க்கணும். (யாரை? மேனேஜரைத்தான். கதை எழுதினதே அவர்ங்கிறதால தப்பிச்சோம் :-)) படுக்கிற வேலைக்கு என்னைவிடத் தகுதியான ஆள் யாரும் இல்லைன்னு முடிவு பண்ணி என்னைப் போட்டுட்டாங்க.

துப்பாக்கியைக் கிருஷ்ணா நகர்ல வாடகைக்கு எடுத்தோம். நம்ம ஊருக்குக் கோடம்பாக்கம்னா ஹைதராபாத்துக்குக் கிருஷ்ணா நகர். துணை நடிகர், லைட் பாய், வாய்ப்பு தேடி வந்தவங்க எல்லாரும் அங்கதான். நாள் வாடகை 1,500, முன்பணம் 20,000. சுடாத துப்பாக்கி, குழலை உள்ளயே அடைச்சிருப்பாங்க. ஆனா போல்ட் மட்டும் அசல் மாதிரியே வேலை செய்யும். கேமரா முன்னாடி அந்த 'க்ளக்' சத்தம் வேணுமே!

பிரிட்டிஷ் ராணுவம் 1980-கள்ல எடுத்துக்கிட்ட எல்-96 துப்பாக்கியோட நகல் அது. எனக்கு அதெல்லாம் தெரியாது. வீட்டுக்கு எடுத்துட்டு வந்ததும் பன்னெண்டு வயசுப் பையன் பார்த்துட்டு, "ஏ.டபிள்யூ.எம் மாதிரியே இருக்குப்பா"ன்னு கூவினான். பப்ஜியை 2020-ல தடை பண்ணினாலும் அது சொல்லிக் குடுத்த பாடம் மட்டும் போகலை. அவன் சொன்னதும் தப்பில்லை, ஏ.டபிள்யூ.எம் இதே குடும்பத்துப் பெரிய அண்ணன்தான்.

ஏழாவது டேக். கைப்பிடியைத் தூக்கினேன், இழுத்தேன். துப்பாக்கி தரையில இருக்கு, கைப்பிடி என் கையில இருக்கு.

வாடகைக்குக் குடுத்தவர் போன்ல ரொம்பப் பொறுமையாப் பேசினார். திங்கக்கிழமை சரி பண்ணிக் குடுத்தா முன்பணம் திரும்பும், இல்லைன்னா அவரே வெச்சுப்பார். அன்னிக்கு வியாழன்.

இந்த இடத்துல அப்பாவைப் பத்திச் சொல்லணும். அப்பா திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில டர்னர். 1966-ல திறந்த ஃபேக்டரி, இவர் 1974-ல சேர்ந்தார், 2010-ல ரிட்டயர் ஆனார். இன்சாஸ் துப்பாக்கி செய்யற இடங்கள்ல அதுவும் ஒண்ணு. 2000-களோட நடுவுல 'வித்வன்சக்'னு ஒண்ணு அங்க உருவாச்சு. 12.7, 14.5, 20 எம்.எம்-னு குழலை மாத்திப் போட்டுக்கலாம், ஒவ்வொரு ரவுண்டுக்கும் போல்ட்டைக் கையால இழுக்கணும். இதையெல்லாம் நான் பேப்பர்லதான் படிச்சேன். அப்பா வீட்ல ஒரு வார்த்தை பேசினதில்லை. "இன்னிக்கு என்னப்பா செஞ்சீங்க?"ன்னு சின்ன வயசுல கேட்டா "இரும்பு"ன்னு சொல்லுவார். அவ்வளவுதான். பக்கத்துத் தெரு பெல் பசங்க அவங்க அப்பா செஞ்ச பாய்லரைப் பத்தி அளந்து விடும்போது எனக்கு வாயே திறக்க முடியாது. 2021 அக்டோபர்ல அந்த ஃபேக்டரி புது அரசு கம்பெனிக்குக் கீழ போனப்பதான், டிவி பார்த்துக்கிட்டு "பேர் மாறுதாம்"னு ஒரு வார்த்தை சொன்னார்.

அப்படிப்பட்ட மனுஷன் திருவெறும்பூர் வீட்டு பாத்ரூம்ல வழுக்கி விழுந்து, அஞ்சு மாசமா கச்சிபௌலியில எங்க பதினாலாவது மாடியில இருந்தார். அம்மா இல்லை. தனியா விடறதில்லைன்னு நானும் தங்கமணியும் ஒரே முடிவா இருந்தோம். அவர் பால்கனியில உக்காந்து, எதிர்ல பாறையை வெடி வெச்சு உடைக்கிறதைப் பார்த்துக்கிட்டே இருப்பார். இந்தப் பக்கம் எந்தக் கட்டடம் எழும்பினாலும் முதல்ல பாறையைத்தான் உடைக்கணும். வெடிச்சா ஜன்னல் அதிரும், எங்க பையன் காதைப் பொத்திப்பான், அப்பா அசைய மாட்டார். வாரம் ஒரு தடவை "டிக்கெட் போடு தம்பி"ம்பார். வாரம் ஒரு தடவை நான் பேச்சை மாத்துவேன்.

உடைஞ்ச பிடியை டேபிள் மேல வெச்சதும் எடுத்துப் பார்த்தார். வெளிச்சத்துல திருப்பித் திருப்பி ஒரு நிமிஷம்.

"ஜிங்க் வார்ப்பு. உள்ள பாரு, ஓட்டை ஓட்டையா இருக்கு. மூலையில ரேடியஸும் விடலை, கத்தியால வெட்டின மாதிரி இருக்கு. உடையாம என்ன பண்ணும்?"

வெல்டிங் வைக்கலாமான்னு கேட்டேன். சிரிச்சார். துத்தநாகம் 420 டிகிரியிலயே உருகிடுமாம். பட்டறைக்காரன் கம்பியை வெச்சதும் போல்ட் மொத்தமும் வழிஞ்சு தரைக்கு வந்துடுமாம். அரால்டைட்டும் நிக்காது, ஒட்டற இடம் விரல் நகம் அளவுதான், இழுக்கிற விசை முழுக்க அங்கதான் விழுது. புதுசாத்தான் செய்யணும், இரும்புல.

துப்பாக்கியோட போல்ட்டைப் பார்க்காதவங்களுக்கு: வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளை நினைச்சுக்குங்க. அதேதான். பிடியைத் தூக்கினா பூட்டு விடும், இழுத்தா காலித் தோட்டா வெளியே வரும், தள்ளினா புதுத் தோட்டா உள்ள போகும், இறக்கினா பூட்டிக்கும். வெள்ளைக்காரன் காலத்து 303 துப்பாக்கியில இந்தத் தூக்கி இறக்கற தூரம் கம்மி. பூட்டற பல்லு போல்ட்டோட பின்பக்கம் இருக்கும். அதனால பழகின கைக்கு அது பறக்கும். உத்தரப் பிரதேச போலீஸ் அதை 2020 குடியரசு நாள் அணிவகுப்போடதான் வழியனுப்பி வெச்சாங்க. இதுவும் அப்பா சொன்னதுதான். 303 அவர் ஃபேக்டரி சரக்கு இல்லை, அதனால பேசலாம் போல :-)

வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கு மட்டம் போட்டுட்டு நான் மட்டும் பாலாநகர் போனேன். அப்பாவுக்கு முட்டி வலி, வரலைன்னுட்டார். கிளம்பும்போது ஒரே ஒரு கண்டிப்பு: முழுத் துப்பாக்கி வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. "ரோட்ல பாக்கிறவனுக்கு இது டம்மின்னு எப்படித் தெரியும்?" கேட்ல இருக்கிற செக்யூரிட்டி தம்பி ஏற்கனவே ஒரு மாதிரி பார்த்துட்டிருந்தான். அதனால போல்ட்டை மட்டும் கழட்டி, ஹிண்டு பேப்பர்ல சுத்தி, மஞ்சப்பையில போட்டுக்கிட்டேன். ராய்துர்க்கத்துல ஏறி அமீர்பேட்டையில மாறினா மெட்ரோவிலயே பாலாநகர் போயிடலாம். ஆனா ஸ்கேனர்ல இந்த உருளையைக் காட்டி விளக்கம் சொல்ற தைரியம் இல்லை. காரை எடுத்தேன்.

பாலாநகர் நம்ம அம்பத்தூர் மாதிரி. சந்துக்கு சந்து லேத்துப் பட்டறை. 1968-லயே டூல் டிசைன் சொல்லிக் குடுக்க அரசாங்கம் இங்க ஒரு நிறுவனம் ஆரம்பிச்சிருக்கு, இன்னும் இருக்கு. ஒரு சின்னப் பட்டறையில இடம் கிடைச்சது. அந்தப் பையன் மைல்டு ஸ்டீல் கம்பியை சக்குல மாட்டி, ஒரு முனையில குண்டு, மறு முனையில 6 எம்.எம் மரை, போல்ட்ல துளை போட்டு அதுக்கு டேப்பு, எல்லாம் முக்கால் மணி நேரத்துல முடிச்சுட்டான். 400 ரூபாய். முறுக்கிப் போட்டா கச்சிதமா உக்காந்தது. வர்ற வழியெல்லாம் நான்தான் அர்ஜுன் :-)

வீட்டுக்கு வந்து துப்பாக்கியில சொருகி, பிடியைத் தூக்கினேன். டங்!

மேல இருக்கிற டெலஸ்கோப்ல போய் முட்டுது. பாதிக்கு மேல தூக்க முடியலை.

அப்பா வாயைத் திறக்கலை, கையை மட்டும் நீட்டினார். உடைஞ்ச பழைய பிடியை எடுத்து என் புதுப் பிடிக்குப் பக்கத்துல வெச்சார். பழசு கீழ நோக்கியும் பின்னாடி நோக்கியும் வளைஞ்சிருக்கு. நான் அதை அழகுக்குன்னு நினைச்சிருந்தேன்! ரஷ்யாக்காரனோட மொசின் துப்பாக்கியில சாதா சிப்பாய்க்குப் பிடி நேரா நீட்டிக்கிட்டு இருக்கும். அதையே ஸ்னைப்பருக்குக் குடுக்கும்போது பிடியை நீளமாக்கிக் கீழ வளைச்சாங்க. டெலஸ்கோப் வந்ததும் பிடி வளையணும், இல்லைன்னா தூக்க முடியாது. எத்தனை சினிமா பார்த்திருக்கேன், ஒரு தடவை கூடக் கவனிச்சதில்லை.

"என்கிட்டக் கேட்டிருக்கலாம்ல"ன்னார்.

"நீங்கதான் எதுவுமே சொல்ல மாட்டீங்களே"ன்னேன். கொஞ்சம் சூடாவே சொல்லிட்டேன். அஞ்சு மாசத்து எரிச்சலா முப்பது வருஷத்து எரிச்சலான்னு தெரியலை. தங்கமணி சமையல்கட்டுலேர்ந்து எட்டிப் பார்த்தா. அப்பா கொஞ்ச நேரம் பிடியையே பார்த்துட்டு, "நாளைக்கு நானும் வரேன்"னார்.

சனிக்கிழமை காலையில எனக்கு முன்னாடி குளிச்சு, சட்டைப் பையில பேனாவும் ஆறு அங்குல ஸ்கேலும் வெச்சுக்கிட்டு ரெடியா உக்காந்திருந்தார். அந்த ஸ்கேல் திருச்சியிலேர்ந்து வந்த பெட்டிக்குள்ள இருந்திருக்கு, எனக்குத் தெரியாது. தங்கமணி, "மாமா, முட்டிக்குக் கட்டுப் போட்டுக்கிட்டுப் போங்க"ன்னா. போட்டுக்கிட்டார்.

பட்டறைப் பையனுக்குத் தெலுங்கும் ஹைதராபாத் இந்தியும். அப்பாவுக்குத் தமிழும், ஃபேக்டரியில பொறுக்கின நாலு இந்தி வார்த்தையும். நான் மொழிபெயர்க்கப் போனேன், ரெண்டு பேருமே என்னை ஒதுக்கிட்டாங்க. டேப்பர், ரேடியஸ், சேம்ஃபர், வெர்னியர். லேத்துக்காரங்களுக்கு வேற பாஷை தேவையில்லை போல. கம்பியை கேஸ் நெருப்புல செவக்கக் காய்ச்சி, வைஸுல பிடிச்சு வளைச்சாங்க. அடியில மூலை வராம ரெண்டு எம்.எம் ரேடியஸ். மரையை மட்டும் நம்பக் கூடாதுன்னார் அப்பா. நேர்ப் பிடின்னா பரவாயில்லை, வளைஞ்ச பிடியைத் தூக்கும்போதும் இழுக்கும்போதும் மரையில முறுக்கு விழும், நாள் பட்டா லூசாகும். அதனால குறுக்கே துளை போட்டு ஒரு பின் அடிக்கணும். பையன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான்.

அடி விட்டத்தை அளக்க அப்பா வெர்னியரை வாங்கினார். கை நடுங்கினது. ஒரு தடவை வெச்சார், நழுவிச்சு. இன்னொரு தடவை. காபி டம்ளர் பிடிக்கும்போது நடுங்கறது எங்களுக்குத் தெரிஞ்சதுதான். ஆனா இங்க பட்டறைக்காரங்க நாலு பேர் பார்த்துட்டு இருக்காங்க. வெர்னியரைப் பையன்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டார். அப்புறம் வேலைப்பாட்டு மேல கட்டை விரல் நகத்தை மெதுவா ஓட்டினார். ஒரு இடத்துல நிறுத்தி "இங்க கோடு இருக்கு"ன்னார். பையன் விளக்கைப் பிடிச்சுப் பார்த்தான். டூல் விட்ட கோடு, கண்ணுக்கே சரியாத் தெரியலை. எமரி போட்டு எடுத்தான். கடைசியா மறுபடி காய்ச்சி, பழைய என்ஜின் ஆயில்ல முக்கினதும் புகை எழும்பி, பிடி கன்னங்கரேல்னு வெளியே வந்தது.

வீட்டுக்கு வந்து போட்டோம். தூக்கு, இழு, தள்ளு, இறக்கு. டெலஸ்கோப்புக்கும் பிடிக்கும் நடுவுல சுண்டு விரல் போற இடைவெளி. பையன், "தாத்தா, நான் ஒரு தடவை"ன்னு கெஞ்சினான். முதல்ல ஒரு பாடம் நடந்தது: காலியான துப்பாக்கியானாலும், டம்மியானாலும், குழல் மனுஷன் பக்கம் திரும்பக் கூடாது, விரல் ட்ரிக்கர்ல இருக்கக் கூடாது. அப்புறம்தான் கையில குடுத்தார். பையனுக்கு இப்போ பக்கத்துல இருக்கிற ஷூட்டிங் ரேஞ்சுல சேரணுமாம். லண்டன்ல 2012-ல ஏர் ரைஃபிள் வெண்கலம் வாங்கின ககன் நாரங் ஹைதராபாத்ல வளர்ந்தவர்னு ஆதாரம் காட்டறான். பொறந்தது சென்னைடான்னு நான் சொல்லி வெச்சிருக்கேன், விட்டுக் குடுக்க முடியுமா :-)

திங்கக்கிழமை முன்பணம் முழுசா வந்தது. கிருஷ்ணா நகர்க்காரர் பிடியை நாலு தடவை இழுத்துப் பார்த்துட்டு, இன்னும் ரெண்டு டம்மிக்கு இதே மாதிரி செஞ்சு தர முடியுமா, காசு தரேன்னார். வீட்டுக்கு வந்து அப்பாகிட்டச் சந்தோஷமாச் சொன்னேன். அவர் பால்கனியிலேர்ந்து திரும்பாம, "அந்தப் பையன்கிட்டக் குடு, அவனுக்கு இப்ப தெரியும். நீ டிக்கெட் போடு"ன்னார்.

இந்தத் தடவை என்னால பேச்சை மாத்த முடியலை. தங்கமணிதான் ரொம்ப நேரம் வாதாடினா. பாத்ரூமுக்குக் கைப்பிடிக் கம்பி, தினமும் ரெண்டு வேளை போன், காலையில வந்து போக ஒரு ஆள், எல்லாத்துக்கும் தலையாட்டினார். சார்மினார் எக்ஸ்பிரஸ்ல தாம்பரம் வரைக்கும் நானே கூடப் போய், அங்கேர்ந்து திருச்சிக்கு வண்டி ஏத்திவிட்டேன்.

கிளம்பற அன்னிக்கு அந்த நேர்ப் பிடியைத் தேடினேன். முதல்ல செஞ்சு வீணாப் போனது, மேசை டிராயர்ல ஞாபகத்துக்கு வெச்சிருந்தேன். காணோம். பொங்கலுக்கு திருவெறும்பூர் போனப்ப கொல்லைக் கதவைத் திறந்தா, தாழ்ப்பாள்ல மாட்டியிருக்கு. அடியில ரேடியஸ் இல்லாத மூலையை அரத்தால ராவி விட்டிருக்கார்.