ராம் செய்த பாவம் என்ன?

என்ன நண்பர்களே, ராம் என்றதும் நம் கிளாஸ் பையன் யாரோ வம்பில் மாட்டிக்கொண்டான் என்று நினைத்துவிட்டீர்களா? அதுதான் இல்லை! இது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ராம். ஒரு தப்பும் செய்யாமல் தண்டனை வாங்கிய அப்பாவி. தீர்ப்பு சொன்ன நீதிபதி அடியேன்தான்.

சாயங்காலம் காலேஜ் விட்டதும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டி.டி.பி. கடையில் வேலை பார்க்கிறேன். கடைக்கார அக்கா, வருகிறவர்களிடம் எல்லாம் "நம்ம இன்ஜினியர் தம்பி" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துவார். டிப்ளமோவே இன்னும் முடியவில்லை. ஆனாலும் கேட்க ஜில்லென்று இருக்கும்!

தை மாதம், கல்யாணப் பத்திரிகை சீசன். கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று தானாக ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தது. சில நேரம் நீலத் திரை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு எர்ரர். சில நேரம் மவுஸ் அப்படியே உறைந்து நிற்கும். "என்ன தம்பி இது?" என்று அக்கா கேட்டார். நீலத் திரையில் ஒரு முறை 'மெமரி' என்ற வார்த்தையைப் பார்த்த ஞாபகம். உடனே, "ராம் போச்சுக்கா!" என்றேன். டெஸ்ட் எதுவும் செய்யவில்லை. 1,400 ரூபாய்க்குப் புது ராம் வந்தது. இரண்டு நாள் பிரச்சினையே இல்லை. நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். அந்த இரண்டு நாளும் பெரிய வேலை எதுவும் வரவில்லை என்பதை யோசிக்கவே இல்லை.

மூன்றாம் நாள் மறுபடியும் அதே கதை. இப்போது விண்டோஸ் மேல் பழி போட்டேன். ஃபார்மட் அடித்தேன். 'டி' டிரைவில் இருந்தது எல்லாம் பத்திரம். ஆனால் டெஸ்க்டாப்பில் அக்கா வைத்திருந்த ஃபோல்டரை மறந்தே போனேன். நாற்பது பத்திரிகை டிசைன்கள் காலி!

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. நோட்டை எடுத்து, அட்வான்ஸ் கொடுத்தவங்க பேரை ஒவ்வொண்ணா எண்ண ஆரம்பிச்சாங்க. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஃபார்மட் செய்த கம்ப்யூட்டரோ மறுநாளே மறுபடி ரீஸ்டார்ட் ஆனது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை நான் பார்க்காமல் இல்லை. கழற்றி, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்துப் பார்த்தேன். ஃபேன் சுற்றியது. மஞ்சள் வயரில் 12.1 வோல்ட் காட்டியது. "எஸ்.எம்.பி.எஸ். ஓகே" என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டேன்.

அன்று இரவு வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டார்கள். வழக்கம்போல எங்கள் வீட்டுக் குண்டு பல்பு ஒரு நிமிஷம் மங்கி எரிந்தது. சின்ன வயதிலிருந்து பார்க்கிற காட்சிதான். அன்றைக்குத்தான் உறைத்தது. மோட்டார் ஓடாதபோது அளந்தால் லைன் நன்றாகத்தானே இருக்கும்! சுமையே இல்லாமல் எஸ்.எம்.பி.எஸ்.ஸை அளந்துவிட்டு நல்லது என்றால் எப்படி?

மறுநாள் லேபில் கேட்டு மல்டிமீட்டர் வாங்கிப்போனேன். இந்த முறை எதையும் கழற்றவில்லை. கம்ப்யூட்டர் ஓடும்போதே, காலியாகத் தொங்கிய கனெக்டரில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவில் மீட்டரை வைத்தேன். சும்மா இருக்கும்போது 12.0. அறுபது பக்க மலர் ஒன்றை பி.டி.எஃப். ஆக மாற்றச் சொன்னேன். பிராசஸர் வேகம் எடுத்தது. 11.7... 11.4... 11.2... பட்! ரீஸ்டார்ட்.

12 வோல்ட் என்றால் 5 சதவீதம்தான் கூடக்குறைய இருக்கலாம். அதாவது 11.40 முதல் 12.60 வரை. 5 வோல்ட்டுக்கு 4.75 முதல் 5.25 வரை. வோல்டேஜ் ஒழுங்காக இருக்கும்வரை சாம்பல் நிற வயரில் 'பவர் குட்' என்ற சிக்னல் போகும். அது விழுந்தால் மதர்போர்டு ரீசெட் ஆகிவிடும். ராம், பிராசஸர், ஹார்டு டிஸ்க் எல்லாவற்றுக்கும் சாப்பாடு போடுவது ஒரே அடுப்பு. அது அணைந்து அணைந்து எரிந்தால் யார்தான் ஒழுங்காக வேலை செய்வார்கள்? அதனால்தான் ஒவ்வொரு முறையும் வேறு எர்ரர்.

லேபிளையும் அப்போதுதான் படித்தேன். பெரிய எழுத்தில் 450 வாட்ஸ். கீழே சின்ன எழுத்தில், 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 192 வாட்ஸ்தான்!

தெரிந்த சர்வீஸ் கடையில் நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை இரவல் வாங்கி மாட்டினேன். அதே அறுபது பக்கம், அடுத்தடுத்து பத்து முறை. ஒரு ரீஸ்டார்ட் இல்லை. நிரூபணம் ஆகிவிட்டது.

இனிமேல்தான் கஷ்டமான வேலை. "ராமும் போகலை, விண்டோசும் போகலை. ரெண்டும் நான் சொன்ன தப்புக்கா" என்றேன். ராம் பணத்தை என் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பணம் கிடக்கட்டும் தம்பி. முதல்லயே தெரியலைன்னு சொல்லியிருந்தா போதுமே."

அந்த வார்த்தை இன்னும் குத்துகிறது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான். நான் எது சொன்னாலும் "படிச்ச பையன் சொல்றான்" என்று நம்புவார்கள். தப்பு என்று சொல்ல ஆளே கிடையாது. அந்தப் பழக்கத்தில் 'தெரியலை' என்கிற வார்த்தையையே மறந்திருக்கிறேன்.

போன டிசைன்களைத் திரும்ப டைப் செய்ய பதினோரு சாயங்காலம் ஆனது. சம்பளத்தை அக்கா குறைக்கவில்லை.

நண்பர்களே, நாளைக்கு நீங்களும் இப்படி ஒரு கம்ப்யூட்டர் முன்னால் நிற்பீர்கள். முதலில் பேக்கப், பிறகு டெஸ்ட், கடைசியில்தான் தீர்ப்பு. சுமை கொடுத்து அளந்து பாருங்கள். மீட்டர் சரியாகக் காட்டினாலும் முழுதாக நம்பவேண்டாம். வேகமான ஏற்ற இறக்கத்தைப் பார்க்க சி.ஆர்.ஓ. வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறந்து மட்டும் பார்க்காதீர்கள். 230 வோல்ட்டை டி.சி. ஆக்கினால் உள்ளே 325 வோல்ட் வரை நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கும்.

சரி, ராம் என்ன ஆனான்? பழைய ராமை ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்டில் ஓட்டினேன். ஒரு எர்ரர்கூட இல்லை. மறுபடி அதே கம்ப்யூட்டரில், புது ராமுக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டேன். இப்போது இரண்டு பேரும் சுகம். நான் மட்டும் அவன் முகத்தைப் பார்க்கக் கொஞ்சம் வெட்கப்படுகிறேன்!

— மூன்றாம் ஆண்டு, எலக்ட்ரானிக்ஸ் பிரிவு